உரும்பிராயில் 2 பரப்பு 4 குழி: முதல் காணி வாங்கப் போனவனின் 14 மாதங்கள்

முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் கீறும் வேலை செய்தேன். எத்தனையோ குடும்பங்களின் காணி என் மேசையில் கோடுகளாகியிருக்கிறது. ஆனால் என் தங்கையின் மகன் முதன்முதலாகக் காணி வாங்க இறங்கியபோதுதான், புதிதாக வருகிறவர் எந்த இடத்தில் வழுக்குகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

மருமகனுக்கு அப்போது 31 வயது, நகரத்தில் கணக்காளர் வேலை. 2022 கடைசியில் வங்கிகள் 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த நாட்களில், இருந்த சேமிப்பை எல்லாம் ஒரு வருட நிலையான வைப்பில் போட்டிருந்தான். அது முதிர்ந்தபோது கையில் 22 இலட்சம். புதுப்பிக்கப் போனால் வட்டி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் அவனுடைய அண்ணன், “நான் 8 இலட்சம் போடுறன், காணி ஒண்டு வாங்கு” என்றான். பல்கலைக்கழகப் பக்கம் ஒரு துண்டு வாங்கி, இரண்டு அறை கட்டி, மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 30 இலட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்பது இரண்டு கிழமையிலேயே தெரிந்துவிட்டது. தேடல் கோண்டாவில் தாண்டி உரும்பிராய்ப் பக்கம் போனது.

2024 தை மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் தரகர் ஒருவர் காட்டிய காணி மருமகனுக்குப் பிடித்துப்போனது. செம்மண். ஒரு மூலையில் பழைய மாமரம். நாலு பக்கமும் வேலி, தெற்கு வேலியில் மட்டும் கதியால் (வேலிக்கு நடும் தடி) புதிதாக நட்டிருந்தார்கள். 2 பரப்பு 4 குழி, பரப்பு ஒன்று 13 இலட்சம். நம்மூர்க் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆக மொத்தம் ஏறத்தாழ 28 இலட்சத்து 89 ஆயிரம். “கனடாக்காரர் ஒராள் நேற்றுப் பார்த்திட்டுப் போனவர் தம்பி. திங்கட்கிழமைக்கு முதல் அச்சாரம் தந்தால் உங்களுக்குத்தான்” என்றார் தரகர். ஞாயிற்றுக்கிழமையே மருமகன் 2 இலட்சம் கொடுத்து, ஒற்றைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தான்.

அந்தத் தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அசையா ஆதனம் சம்பந்தமான விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைகூட நொத்தாரிசும் (உறுதி எழுதிச் சான்றளிப்பவர்) இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம். அச்சாரத் தாளை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். காணியை எழுதித் தா என்று வற்புறுத்த முடியாது. 2 இலட்சம் கொடுத்து மருமகன் காணியைப் பிடித்து வைத்ததாக நினைத்தான். பிடிபட்டிருந்தது அவனுடைய காசு. இந்தச் சட்டம் வந்து 180 வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்குப் பெரிய கவலை.

உறுதியைப் படித்தோம்

தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய உறுதியின் (காணிப் பத்திரத்தின்) பிரதியை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படித்தேன். அட்டவணை அங்கேதான் இருக்கும். காணியின் பெயர், மொத்த விஸ்தீரணம், நாலு எல்லை, அதற்குப் பிறகு எவ்வளவு பங்கு என்பது. அதில் எழுதியிருந்தது, “6 பரப்பு 12 குழியில் பிரிபடாத மூன்றில் ஒரு பங்கும், கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் பாத்தியதையும்.” மூன்றால் வகுத்தால் 2 பரப்பு 4 குழி வருகிறது. தரகர் சொன்ன அளவு வகுத்தல் கணக்கில் வந்த அளவு. நிலத்தில் யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை.

பிரிபடாத பங்கு என்றால், மருமகன் பார்த்த அந்த வேலிக்குள் இருக்கும் துண்டு விற்பவருக்கு மட்டும் உரியது அல்ல. 6 பரப்பு 12 குழியின் ஒவ்வொரு குழியிலும் மூன்று குடும்பத்துக்கும் பங்கு உண்டு. வேலி அவர்கள் வசதிக்குப் போட்டுக்கொண்டது. பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த காணி மூன்று பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. கடைசி மகள்தான் விற்க வந்தவர், கணவரை இழந்த அம்மா ஒருவர். மூத்த அண்ணர் கனடாவில். நடு அண்ணர் இறந்துவிட்டார், அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அடுத்த வளவிலேயே இருக்கிறார்கள்.

தரகரிடம் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. “முப்பது வருசமாய் வேலி நிக்குது ஐயா, பத்து வருசம் ஆண்டாலே உரித்து வந்திடுமே” என்றார். பத்து வருட ஆட்சியுரிமை உண்மைதான், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். ஆனால் கூட்டுப் பங்காளர் ஒருவர் காணியை ஆண்டால், மற்றப் பங்காளருக்காகவும் சேர்த்தே ஆள்கிறார் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 1911இல், அப்போது எங்கள் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் கொடுத்த தீர்ப்பிலிருந்து அதுதான் நிலை. மற்றவரை வெளியே தள்ளி, அவருக்கு எதிராகவே ஆண்டேன் என்று நிரூபிக்க வேண்டும். அண்ணன் தங்கைக்குள் அதை நிரூபிப்பது லேசான வேலை இல்லை. எங்கள் மண்ணில் இன்னொன்றும் இருக்கிறது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தங்கள் காணிக்காக வழக்காட முடியாமல் இருந்தவர்களுக்கு, அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1995இல் ஒரே இரவில் வலிகாமமே எழுந்து போன ஊர் இது. “அவை விட்டிட்டுப் போனவை” என்று சொல்லி ஒருவர் காணியை எடுத்துக்கொள்வது எனக்குச் சட்டத்தாலும் சரியில்லை, மனத்தாலும் சரியில்லை.

அடுத்தது “அண்ணற்றை பவர் இருக்கு.” கனடா அண்ணர் இங்கே ஓர் உறவினருக்குக் கொடுத்த அற்றோர்னித் தத்துவத்தின், அதாவது தன் சார்பில் கையெழுத்து வைக்கக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின், பிரதியையும் அனுப்பினார்கள். முத்திரை, கையொப்பம் எல்லாம் ஒழுங்கு. நான் கேட்டது ஒரே கேள்வி, “அண்ணர் சுகமாய் இருக்கிறாரோ?” விற்க வந்த அம்மா கண் கலங்கிவிட்டார். போன வருடம் அங்கே காலமாகிவிட்டார். தத்துவம் கொடுத்தவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் முடிந்துபோகிறது. அதை வைத்து எழுதும் உறுதி செல்லாது. அந்த அம்மா எதையும் ஒளிக்கவில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது. தரகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேசவழமை

இந்தக் கதையின் நடு இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், இன்றைக்கும் எங்கள் காணிகளில் உயிரோடு இருக்கிறது. திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடு இருக்கும்போது விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் இருக்கும்வரை உறுதியில் அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பலர் மறக்கிற பகுதி முன்வாங்கும் உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, பங்குக் காணியை ஒருவர் வெளியாளுக்கு விற்க நினைத்தால், கூட்டுப் பங்காளருக்கும் தனக்கு வாரிசாக வரக்கூடியவருக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த விலைக்கு அவர்கள் வாங்க விரும்பினால் அவர்களுக்குத்தான் முதல் இடம். அறிவிக்காமல் வெளியாளுக்கு எழுதிவிட்டால், அவர்கள் வழக்குப் போட்டு அந்தக் காணியை வாங்கியவரிடமிருந்து எடுக்கலாம்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப நான் வேலி எல்லாம் போட்டு, வீடும் கட்டினாப் பிறகு வந்து கேட்டால்?” என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் அவனை உட்கார வைத்துச் சொன்னேன். வாங்குகிறவர் விலை பேசத் தொடங்குவதற்கு முன்பே, அந்தக் காணியில் யார் யாருக்குப் பேச உரிமை இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவது ஒரு குடும்பத்தின் பரம்பரையை வாசிப்பது. மண்ணைப் பார்ப்பதற்கு ஒரு பின்னேரம் போதும். குடும்பத்தைப் பார்க்க மாதங்கள் வேண்டும்.

சரி, நாங்கள் ஒரு நொத்தாரிசிடம் போனோம். தரகர் காட்டிய நொத்தாரிசிடம் போகவில்லை, மருமகனுக்காக மட்டும் வேலை செய்யும் ஒருவரைப் பிடித்தோம். காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) தேடினார்கள், முப்பது வருடத்துக்குப் பின்னால் போய். 1988இல் பதிந்த ஓர் ஈடு (அடமானம்) வெளியே வந்தது. மீட்டதாகப் பதிவு எதுவும் இல்லை. ஈடு வைத்தவரும் உயிரோடு இல்லை, காசு கொடுத்தவரும் இல்லை. இப்படியான பழைய ஈடுகள் பெரும்பாலும் தீர்க்கக்கூடியவைதான். ஆனால் அதைத் தீர்ப்பது விற்பவரின் வேலை, அதுவும் அறுதி (விற்பனை உறுதி) எழுத முதல்.

நிலத்தில் கண்டது

பங்குனியில், நான் பழகிய நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிப்போனோம். வேலிக்குள் இருந்தது 1 பரப்பு 16 குழி. 6 குழி குறைவு, பரப்பு 13 இலட்சம் என்றால் 4 இலட்சத்து 33 ஆயிரம் ரூபா. அந்த 6 குழி எங்கே போனது? ஒழுங்கையை அகலமாக்கியபோது கொஞ்சம் போயிருக்கிறது. மீதி தெற்கு வேலியோடு போய்விட்டது. புதுக் கதியால் நின்றது அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் அரை அடி உள்ளே வந்தால் முப்பது வருடத்தில் என்ன ஆகும் என்பதை நான் எத்தனையோ வரைபடத்தில் கீறியிருக்கிறேன்.

கிணறு பங்குக் கிணறு, நடு அண்ணர் குடும்பத்தின் வளவுக்குள். துலா இருந்த இடத்தில் இப்போது மூன்று மோட்டர்கள், மூன்று குடும்பத்துக்கு. வாடகைக்கு ஆறு பிள்ளைகளை வைத்தால் நாலாவது மோட்டர் போல நீர் இறைக்க வேண்டும். அந்த வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு அது விளங்கியது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வலிகாமத்தில் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிணறுகளில் நைத்திரேற்று கூடுவது தெரிந்த விஷயம். பசளையும் மலக்குழிக் கழிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. இந்தக் கிணறு அதற்கு மிகக் கிட்ட நின்றது. அப்புறம் மலக்குழி எங்கே தோண்டுவது? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளச் சொன்னார். தள்ளினால் அது மாமரத்துக்குக் கீழே, அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கமாகப் போகிறது.

ஒழுங்கை 9 அடி. லொறி உள்ளே வராது. மணலும் கல்லும் சந்தியில் பறித்து லான்ட்மாஸ்ரரில் (சிறிய இரு சக்கர உழவு இயந்திரம்) ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கும் ஒரு செலவு. கட்டட அனுமதிக்குப் பிரதேச சபையில் முதலே கேட்டு, வீதி அகலிப்புக்குக் காணி போகுமா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழை எடுத்துவிட்டுப் பிறகு விலை பேசினால் நல்லது. நாங்கள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்.

வாடகைக் கணக்கு

மருமகன் கணக்காளர், இருந்தும் இந்தக் கணக்கை அவன் போடவே இல்லை. ஆசை வந்தால் கணக்கு பின்னால் போய்விடுகிறது. மேசன் சொன்னபடி 500 சதுர அடியில் இரண்டு அறை, குளியலறை, சிறு சமையலறை கட்ட 45 இலட்சம். காணி, முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 70 இலட்சத்தைத் தாண்டும். மாத வாடகை 25,000 என்றால் வருடம் 3 இலட்சம், அதுவும் ஒரு மாதம்கூட வெறுமையாகக் கிடக்காவிட்டால். ஏறத்தாழ நாலு வீதம். இறங்கிப்போன நிலையான வைப்பு வட்டிகூட அதைவிட அதிகம். ஆகவே வாடகைக்காகக் காணி வாங்குகிறேன் என்று அவன் சொன்னது சரியில்லை. காணி விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறான். அது தவறும் அல்ல. யாழ்தேவி ரயில் 2014இல் திரும்பி வந்த பிறகும், பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகும் காணி தேடி வந்தவர்கள் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் விலையேற்றத்தை நம்பி வாங்குகிறவருக்கு, திரும்ப விற்கக்கூடிய சுத்தமான உறுதி மற்ற எதையும்விட முக்கியம். இப்போது அவன் கேட்கிற கேள்விகளை எல்லாம் நாளைக்கு வாங்க வருகிறவரும் கேட்பார்.

அண்ணனின் 8 இலட்சமும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. தன் பெயரும் உறுதியில் வர வேண்டும் என்று அவன் விரும்பினான். அவன் சுவிஸ் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை வைத்துக்கொள்ளவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி விற்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும், பரம்பரையாக உறவினருக்கு வருவதற்கும் இடம் உண்டு. அவனுக்கு இரண்டும் பொருந்தவில்லை. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறும்வரை அந்தக் காசு தம்பிக்குக் கொடுத்த கடன் என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று தங்கை கோபப்பட்டாள். மூன்று பிள்ளைகள் எழுதாமல் விட்ட காணியின் கதையைத்தானே நாங்கள் அந்த மாதம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தோம். அதைச் சொன்னதும் அடங்கிவிட்டாள்.

முடிவு

நொத்தாரிசு மூன்று வழி சொன்னார். முதலாவது, நீதிமன்றமே காணியைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பிரிவினை வழக்கு, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். தீர்ப்பு வந்தால் அதைவிடப் பலமான உரித்து இல்லை, ஆனால் வருடக்கணக்கு. இரண்டாவது, எல்லாப் பங்காளரும் சேர்ந்து வரைபடத்தோடு பங்கீட்டு உறுதி முடிப்பது. அதற்குக் கனடா அண்ணரின் பிள்ளைகள் மூவரும் ரொறன்ரோ துணைத் தூதரகத்துக்குப் போய்ப் புதிய தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவது, விட்டுவிடுவது.

இரண்டாவதை முயன்றோம். ஏழு மாதம். இரண்டு பிள்ளைகள் உடனே இணங்கினார்கள். மூன்றாவது பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. அவருக்கு மாமி தொலைபேசியில் எல்லாம் விளக்க வேண்டியிருந்தது. தத்துவம் வந்து சேர்ந்ததும், முறைப்படி முன்வாங்கும் உரிமை அறிவித்தலும் கொடுக்கப்பட்டது. பத்தாவது நாள், அடுத்த வளவில் இருக்கும் நடு அண்ணரின் மகன் என்னிடம் சைக்கிளில் வந்தார். மேசன் வேலை செய்பவர், என்னைவிட இருபது வயது இளையவர். “ஐயா, குறை நினையாதேங்கோ. அந்தத் துண்டை நான் வாங்கப் போறன். லோன் சரிவந்திட்டுது. அப்பா நட்ட மாமரம் அதுக்கை நிக்குது” என்றார்.

சட்டப்படி அது அவருடைய உரிமை. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவருடையதுதான் என்று எனக்குப் பட்டது. மருமகனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அளவைக் கூலி, தோம்புப் பிரதிகள், தண்ணீர்ப் பரிசோதனை, நொத்தாரிசுக் கட்டணம் என்று 60,000 ரூபா அளவில் போயிருந்தது. 2 இலட்சம் அச்சாரத்தை அந்த அம்மா தானே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். தரகரைத் தொலைபேசியில் பிடிக்கவே முடியவில்லை.

அறிவித்தல் கொடுக்காமல் தை மாதமே எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மருமகன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தான். செல்லாத தத்துவம், அளவில் இல்லாத 6 குழி, பிறகு வழக்கு. 60,000 ரூபா பெரிய காசாகத் தெரியவில்லை.

2025 தொடக்கத்தில் இணுவிலில் ஒரு காணி பார்த்தோம். இந்தத் தடவை தரகர் வீதி ஓரமாக இருந்த ஒரு வயலைத்தான் முதலில் காட்டினார், பரப்பு ஏறத்தாழ அரை விலைக்கு. மருமகன் இறங்கிப் பார்க்கவே இல்லை. வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று தரகருக்கே விளக்கினான். வயலை மூடி வீடு கட்டினால் மாரி வெள்ளம் யார் வீட்டுக்குப் போகும் என்றும் கேட்டான். அது நான் சொல்லிக் கொடுத்தது அல்ல.

வாங்கிய காணி 1 பரப்பு 12 குழி, பரப்பு 15 இலட்சம், மொத்தம் 25 இலட்சம். பழைய பிரிவினை வழக்கின் இறுதித் தீர்ப்போடு, துண்டு இலக்கத்தோடு வந்த காணி. 15 அடி ஒழுங்கை, சொந்தக் கிணறு. விற்பவரின் பிள்ளைகள் இருவருக்கும் அறிவித்தல் போய், அவர்கள் வேண்டாம் என்று எழுதித் தந்த பிறகுதான் அறுதி எழுதினோம். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், ஆக 99,000 ரூபா. எழுதிய அன்றே நொத்தாரிசு உறுதியைப் பதிவகத்துக்கு அனுப்பினார். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி ஒரே காணியில் இரண்டு உறுதி மோதினால் முதலில் பதிந்ததற்கு முன்னுரிமை உண்டு. அன்று மாலைவரை நொத்தாரிசின் தொலைபேசியை எதிர்பார்த்துக்கொண்டு மருமகன் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

வீடு கட்டக் கையில் காசு இல்லை, இப்போதைக்கு அவசரமும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்கு மரவள்ளி நட விட்டிருக்கிறான். எல்லைக்கல் நட்ட அன்று நானும் போயிருந்தேன். நாலாவது கல்லை இறுக்கும்போது, அடுத்த வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்.

“தம்பி, நீ ஆற்றை பிள்ளை?”

மருமகன் கையில் இருந்த சீமெந்தைத் துடைத்துவிட்டு, தன் தாயின் ஊரிலிருந்து தொடங்கினான்.